பழைய காரில் வெந்நீர் எங்கே நிற்கிறது?

கனடாவுக்குப் புதிதாக வந்து சேரும் தமிழ்க் குடும்பத்தின் முதல் கார் பெரும்பாலும் பத்துப் பன்னிரண்டு வயதான கொரோலாவாகவோ சிவிக்காகவோ இருக்கும். வாங்கும்போது எஞ்சின் சத்தம், பிரேக், டயர், அடிப்பக்கத் துரு எல்லாவற்றையும் பார்ப்பார்கள். உறைபனி படிந்த ஒரு காலையில்தான் ஹீட்டர் வேலை செய்யவில்லை என்பது தெரியவரும். குமிழைச் சிவப்புப் பக்கம் கடைசிவரை திருப்பினாலும் வெளியே இருக்கிற அதே குளிர்காற்றுதான் முகத்தில் அடிக்கும். கராஜுக்குப் போனால் சில இடங்களில் பானெட்டைத் திறப்பதற்கு முன்பே தீர்ப்பு வந்துவிடுகிறது: "ஹீட்டர் கோர் அடைச்சுப் போச்சு, டாஷ்போர்டை முழுக்கக் கழட்ட வேணும்." சொல்லப்படும் தொகையைக் கேட்டால் காரையே விற்றுவிடலாமா என்று தோன்றும்.

அந்தத் தீர்ப்பு சில வேளை சரியாகவும் இருக்கும். ஆனால் அது சோதனையின் கடைசியில் வர வேண்டிய தீர்ப்பு. காரில் ஹீட்டர் என்று தனியாக ஒரு கருவி கிடையாது என்பதை மறப்பதால்தான் அது முதலில் வந்து நிற்கிறது. பெட்ரோல், டீசல் கார்களில் ஹீட்டர் என்பது எஞ்சினைக் குளிர்விக்கும் நீரோட்டத்தின் ஒரு கிளை. அந்தக் கிளை வறண்டால் மூலத்தில் தண்ணீர் இருக்கிறதா, வழியில் எங்கே நிற்கிறது என்று பார்த்துக்கொண்டே வர வேண்டும். அப்படிப் பார்த்தால் பழுது பல நேரம் எஞ்சின் பக்கத்திலேயே பிடிபடும். விலையும் குறைவாக இருக்கும். பழைய காரில் இன்னொரு சிக்கலும் உண்டு. முந்தைய உரிமையாளர் அந்த நீரோட்டத்தில் எதை ஊற்றினார், எதை அடைத்தார், எதைக் கழற்றி எறிந்தார் என்பது நமக்குத் தெரியாது. பழுதைத் தேடுவதில் பாதி வேலை அதைக் கண்டுபிடிப்பதுதான்.

எரிபொருளை எரித்துக் கிடைக்கும் சக்தியில் சக்கரத்துக்குப் போய்ச் சேர்வது கால் பங்கு, மிஞ்சிப்போனால் மூன்றில் ஒரு பங்கு. மற்றதெல்லாம் வெப்பம். ஒரு பகுதி புகைக்குழாய் வழியே போய்விடுகிறது. இன்னொரு பகுதியை எஞ்சினைச் சுற்றி ஓடும் கூலன்ட் வாங்கிக்கொண்டு முன்னாலுள்ள ரேடியேட்டரில் கொண்டுபோய்க் கொட்டுகிறது. அந்தக் கூலன்டில் கொஞ்சத்தை இரண்டு ரப்பர் குழாய்கள் டாஷ்போர்டுக்குள் இருக்கும் ஒரு சின்ன ரேடியேட்டருக்குக் கொண்டுவந்து திருப்பி அனுப்புகின்றன. அதுதான் ஹீட்டர் கோர். விசிறி அதன் மேல் காற்றை ஊதுகிறது. எவ்வளவு காற்று அதன் வழியாகப் போகலாம், எவ்வளவு ஒதுங்கிப் போகலாம் என்பதை உள்ளே ஒரு பிளாஸ்டிக் கதவு முடிவு செய்கிறது. வீணாகிற சூட்டில் பங்கு கேட்கும் ஏற்பாடு என்பதால் இதற்குத் தனியாக எரிபொருள் செலவு இல்லை.

இந்த ஏற்பாடு கார்களோடு கூடவே பிறந்ததில்லை. ஆரம்பகாலக் கார்களுக்கு மூடிய கூண்டே கிடையாது. கம்பளியும் கால் சூடாக்க நெருப்புக்கரிப் பெட்டியும்தான். பிறகு புகைக்குழாயின் சூட்டை உள்ளே கொண்டுவரும் முயற்சிகள் வந்தன. அவற்றோடு நச்சுப்புகையும் உள்ளே வந்தது. 1938இல் அமெரிக்காவின் நாஷ் நிறுவனம் வெளிக்காற்றை உள்ளே இழுத்து, எஞ்சினின் வெந்நீரால் சூடாக்கிப் பரப்பும் முறையைக் கொண்டுவந்தது. இன்றைய கார்களில் இருப்பது கிட்டத்தட்ட அதுதான். முன்கண்ணாடியின் பனியை நீக்கும் வசதி இருந்தே ஆக வேண்டும் என்று அமெரிக்காவில் விதி வந்தது 1968இல். தண்ணீரே இல்லாமல் காற்றால் குளிரும் எஞ்சின் கொண்ட பழைய ஃபோக்ஸ்வாகன் பீட்டிலோ கடைசிவரை புகைக்குழாயைச் சுற்றிய உறைகளிலிருந்தே சூடு வாங்கியது. அந்த உறை துருப்பிடித்து ஓட்டை விழுந்தால் கார்பன் மோனாக்சைடு உள்ளே வரும். பீட்டில் வைத்திருப்பவர்களுக்கு இக்கட்டுரையின் மற்றப் பகுதிகள் பயன்படமாட்டா. இந்த எச்சரிக்கை மட்டும் போதும்.

தேடலைக் காற்றிலிருந்து தொடங்கலாம். "ஹீட்டர் வேலை செய்யவில்லை" என்று சொல்பவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, காற்றே வரவில்லையா, வரும் காற்று சூடாக இல்லையா என்பது. இரண்டும் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத வேறு வேறு பழுதுகள். காற்றே வரவில்லை என்றால் அது மின்சாரச் சங்கதி. விசிறி நாலாவது வேகத்தில் மட்டும் ஓடி மற்ற மூன்றிலும் செத்துக் கிடந்தால், புளோவர் ரெசிஸ்டர் கருகிவிட்டது என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடலாம். முழு வேகத்தில் மின்சாரம் ரெசிஸ்டரைச் சுற்றிக்கொண்டு நேராக மோட்டருக்குப் போவதால் அந்த ஒரு வேகம் மட்டும் உயிரோடிருக்கிறது. பெரும்பாலான கார்களில் அது கையுறைப் பெட்டிக்கு அடியில், இரண்டு திருகாணியில் நிற்கும். எந்த வேகத்திலும் ஓடவில்லை என்றால் ஃபியூஸ், ரிலே, மோட்டர் என்று வரிசையாகப் பார்க்க வேண்டும். மோட்டரின் அடிப்பக்கத்தில் கைமுட்டியால் ஒரு தட்டுத் தட்டினால் ஓடத் தொடங்குகிறதா? அப்படியானால் உள்ளே கார்பன் பிரஷ் தேய்ந்துவிட்டது. மோட்டரின் காலம் முடிகிறது.

இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. புது ரெசிஸ்டர் போட்டுச் சில வாரங்களிலேயே மறுபடி கருகினால் குற்றவாளி ரெசிஸ்டர் அல்ல. தேய்ந்த மோட்டர் அளவுக்கு மீறி மின்சாரம் இழுக்கிறது. அல்லது கேபின் ஃபில்டர் இலைச்சருகாலும் எலிக்கூட்டாலும் அடைபட்டு, ரெசிஸ்டரைக் குளிர்விக்க வேண்டிய காற்று நின்றுபோயிருக்கிறது. ஃபியூஸ் போகும்போதெல்லாம் பெரிய ஃபியூஸாகப் போட்டுச் சமாளிப்பது தீயை விலைக்கு வாங்கும் வேலை. விசிறிக்குப் போகும் கம்பிகளின் இணைப்பு சூடேறித் தீப்பிடிக்கக்கூடும் என்பதால் 2006 முதல் 2011 வரையிலான 3 சீரிஸ் கார்களை பிஎம்டபிள்யூ நிறுவனம் 2017இல் அமெரிக்காவில் லட்சக்கணக்கில் திரும்ப அழைத்தது. காரின் 17 எழுத்து அடையாள எண்ணைக் கொண்டு இப்படிப்பட்ட அழைப்பு நிலுவையில் இருக்கிறதா என்று இலவசமாகவே பார்க்கலாம். பழைய காருக்கும் அது செல்லும். வேலையையும் இலவசமாகச் செய்து தருவார்கள்.

காற்று பலமாக வந்து, சூடு மட்டும் இல்லை என்றால் அடுத்து எஞ்சினே சூடாகிறதா என்று பார்க்க வேண்டும். அதற்குப் பொறுப்பு தெர்மோஸ்டாட். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது கூலன்டை ரேடியேட்டருக்குப் போகவிடாமல் மூடி வைத்திருந்து, 82 முதல் 90 டிகிரி அளவில் திறக்கும் ஒரு கதவு அது. உள்ளே மின்சாரமோ கம்ப்யூட்டரோ இல்லை, ஒரு செப்புக் குப்பிக்குள் மெழுகுதான். சூட்டில் உருகிய மெழுகு விரிந்து ஊசியைத் தள்ள, கதவு திறக்கிறது. ஆறினால் ஸ்பிரிங் மூடிவிடுகிறது. 1930களில் செர்ஜியஸ் வெர்னே கண்டுபிடித்த இந்த எளிய பொறி இன்றுவரை பெரிதாக மாறவில்லை.

வயதான தெர்மோஸ்டாட் திறந்தபடியே சிக்கிக்கொள்வது சாதாரணம். அப்போது எஞ்சின் தொடங்கிய நொடியிலிருந்தே கூலன்ட் ரேடியேட்டருக்கு ஓடி, வெளிக்குளிரில் ஆறி ஆறித் திரும்பும். அறிகுறி தெளிவானது: நகரத்துக்குள் சிக்னலில் நிற்கும்போது வெதுவெதுப்பாக வரும் காற்று, ஒன்டாரியோவின் 401 நெடுஞ்சாலையில் ஏறியதும் ஆறிப்போகும். வேகமாகப் போனால் ரேடியேட்டரில் காற்று அதிகம் அடிக்கும் அல்லவா, அதனால். சூட்டுமானியின் முள்ளும் நடுவுக்கு வராமல் கீழேயே கிடக்கும். எஞ்சின் விளக்கு எரிந்து, கருவியில் பி0128 என்ற குறியீடு வந்தால் சந்தேகம் கிட்டத்தட்ட உறுதி. எஞ்சின் எதிர்பார்த்த நேரத்தில் எதிர்பார்த்த சூட்டை எட்டவில்லை என்பதே அதன் பொருள். இந்தக் குறியீடுகளைப் படிக்கும் பொதுவான இணைப்பு அமெரிக்காவில் 1996 மாடலிலிருந்தும் கனடாவில் 1998 மாடலிலிருந்தும் கட்டாயம். மலிவான ஒரு கருவியைச் செருகினால் கூலன்டின் உண்மையான சூட்டையும் எண்ணாகக் காட்டும். அந்த எண்ணை நம்புங்கள், முள்ளை முழுதும் நம்ப வேண்டாம். ஓட்டுநர் பதறக்கூடாது என்று பல கார்களில் முள்ளை ஓர் அகலமான எல்லைக்குள் நடுவிலேயே நிற்கும்படி செய்துவைத்திருக்கிறார்கள். 75 டிகிரியில் ஓடும் எஞ்சினிலும் முள் ஒன்றுமே தெரியாததுபோல் நிற்கலாம்.

தெர்மோஸ்டாட் பற்றிப் பேசும்போது நம் ஊர்ப் பழக்கம் ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் எஞ்சின் சூடேறுகிறது என்று வண்டியைக் கொண்டுபோனால், தெர்மோஸ்டாட்டைக் கழற்றித் தூக்கி எறிந்துவிட்டு "இனிமே சூடேறாது" என்று அனுப்பிவைக்கும் மெக்கானிக்குகள் நெடுங்காலமாக உண்டு. ரேடியேட்டர் அடைப்பைப் பார்ப்பதைவிட அது சுலபம். சென்னை வெயிலில் அதன் விளைவு உடனே தெரியாது. ஹீட்டரை அங்கே யார் போடப் போகிறார்கள்? மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு ஏறும்போது எஞ்சின் கொதித்தால் ஹீட்டரை முழுதாகத் திறந்து ஜன்னலை இறக்கிவிடச் சொல்லும் பழைய ஓட்டுநர்கள் மட்டும் அதன் அருமையை அறிந்தவர்கள். ஹீட்டர் கோரை இரண்டாவது ரேடியேட்டராக்கும் அந்த உத்தி இன்றும் செல்லும். ஆனால் தெர்மோஸ்டாட்டைக் கழற்றும் பழக்கம் குளிர்நாட்டுக்கு வரக்கூடாது. எஞ்சின் ஆறியே ஓடினால் எண்ணெயில் ஈரம் தங்கிச் சேறாகும், பெட்ரோல் கூடக் குடிக்கும், வண்டிக்குள் இருப்பவர்கள் விறைத்துப்போவார்கள். பழைய கார் ஒன்றில் ஹீட்டர் ஆறிக் கிடந்து, தெர்மோஸ்டாட் கூட்டைத் திறந்தால் உள்ளே எதுவுமே இல்லை என்பது கராஜ்களில் கேள்விப்படாத கதை அல்ல. புதிதாகப் பூட்டும்போது அதன் விளிம்பில் ஒரு சின்ன ஓட்டையும் ஆடும் ஊசியும் இருந்தால், அது வழக்கமாக மேல்பக்கம் வர வேண்டும். காற்று வெளியேற விட்ட வழி அது.

எஞ்சின் சூடாக இருக்கிறது, காற்று வருகிறது, ஆனாலும் உள்ளே குளிர் என்றால் கூலன்டின் அளவைப் பார்க்க வேண்டும். எஞ்சின் முழுக்க ஆறிய பிறகு ரேடியேட்டர் மூடியைத் திறந்து பார்ப்பதுதான் சரி. பக்கத்து பிளாஸ்டிக் தொட்டியில் அளவு சரியாக இருந்தாலும், மூடியின் ரப்பர் செத்துப்போயிருந்தால் ரேடியேட்டருக்குள் குறைந்திருக்கலாம். சூடான எஞ்சினில் மூடியைத் திறந்தால் அழுத்தத்தில் நிற்கும் கொதிநீர் முகத்தில் பீய்ச்சும். அவசரத்தில் செய்து வெந்துபோனவர்கள் உண்டு. பல கார்களில் ஹீட்டர் கோர் இந்த நீரோட்டத்தின் மேடான இடங்களில் ஒன்று. ஆகவே கூலன்ட் ஒரு லிட்டர் குறைந்தாலும் முதலில் காய்வது அதுதான். எஞ்சின் சூடேறி முள் சிவப்பைத் தொடுவதற்கு முன்பே ஹீட்டர் ஆறிப்போய் எச்சரிக்கை கொடுத்துவிடும். ஓடிக்கொண்டிருக்கும்போது ஹீட்டர் திடீரென்று ஆறி, முள்ளும் ஏறத் தொடங்கினால் வண்டியை ஓரங்கட்டி எஞ்சினை அணைத்துவிட வேண்டும். அந்த நேரத்தில் ஓட்டிக்கொண்டு போகும் ஒவ்வொரு கிலோமீட்டரும் எஞ்சினின் ஆயுளிலிருந்து போகிறது.

குறைந்ததை ஊற்றி நிரப்புவதோடு வேலை முடிவதில்லை. உள்ளே சிக்கிய காற்றை வெளியேற்ற வேண்டும். வண்டியைத் தொடங்கும்போது டாஷ்போர்டுக்குப் பின்னால் தண்ணீர் சலசலக்கும் சத்தம் கேட்டால் ஹீட்டர் கோரில் காற்று நிற்கிறது என்று அர்த்தம். முன்பக்கம் மேடாக இருக்கும்படி நிறுத்தி, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, ஆறிய நிலையிலேயே மூடியைத் திறந்து புனலைப் பொருத்திய பின் எஞ்சினைத் தொடங்கி, தெர்மோஸ்டாட் திறந்து ரேடியேட்டர் விசிறி ஓரிரு முறை ஓடி நிற்கும்வரை விட்டால் குமிழ்கள் வந்து முடியும். சில மாடல்களில் காற்று விடுவதற்கென்றே ஒரு திருகாணி உண்டு. பொறுமை வேண்டிய வேலை. கராஜில் மணிக்கணக்குப் பார்ப்பவர்கள் இதில்தான் அவசரப்படுகிறார்கள் என்பது என் எண்ணம். ரேடியேட்டரோ வாட்டர் பம்போ மாற்றிய மறுநாளே ஹீட்டர் ஆறிப்போனால் காரணம் பெரும்பாலும் இதுவே.

காற்றை வெளியேற்றியும் அது மறுபடி மறுபடி வந்து சேர்ந்தால் விஷயம் பெரிது. கூலன்ட் எங்கோ கசிகிறது, அல்லது ஹெட் கேஸ்கெட் கிழிந்து எஞ்சினில் எரிந்த வாயு கூலன்டுக்குள் கலக்கிறது. தொடங்கிய உடனேயே மேல் ரேடியேட்டர் குழாய் கல்லாக இறுகுவது, புனலில் குமிழ் நிற்காமல் வருவது, இனிப்பு வாடையோடு வெண்புகை போவது எல்லாம் அதன் குறிகள். சந்தேகம் தீர்க்க மலிவான சோதனை இருக்கிறது: ரேடியேட்டர் வாயில் ஒரு குழலை வைத்து, நீல நிற திரவத்தின் வழியே உள்ளே நிற்கும் ஆவியை இழுத்தால், எரிந்த வாயு கலந்திருக்குமானால் திரவம் மஞ்சளாகிவிடும். சுபாருவின் பழைய 2.5 லிட்டர் எஞ்சின்கள் இந்தப் பழுதுக்குப் பேர்போனவை. ஹீட்டர் பழுது என்று வந்தவருக்கு எஞ்சின் பழுது என்று சொல்ல நேரும் இடம் இது. ஹீட்டரைச் சரிசெய்ய வேண்டாம் என்று விட்டுவிடுபவர்கள் கவனிக்கத் தவறுவதும் இதைத்தான்.

வாட்டர் பம்பையும் இங்கேயே சொல்லிவிடலாம். ஆக்ஸிலேட்டரை மிதித்தால் சூடும், விட்டால் குளிருமாக வந்து, கூலன்ட் அளவும் சரியாக இருந்தால் பம்பின் இறக்கைகள் அரித்துப்போயிருக்கலாம். பிளாஸ்டிக் இறக்கை வைத்த சில பழைய ஃபோக்ஸ்வாகன், ஆடி கார்களில் அது தண்டிலிருந்தே கழன்று சுற்றும்.

இவ்வளவும் சரி என்றால்தான் ஹீட்டர் கோருக்கு வர வேண்டும். அதன் சோதனைக்குக் கருவிகூடத் தேவையில்லை. எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, எஞ்சினுக்கும் பயணிகள் அறைக்கும் இடையிலுள்ள தடுப்புச்சுவருக்குள் நுழையும் இரண்டு குழாய்களையும் தொட்டுப் பார்க்க வேண்டும். ஓடும் பெல்ட்டில் கை, சட்டைக்கை, தாவணி எதுவும் மாட்டக் கூடாது. இரண்டும் பிடிக்க முடியாத சூடு என்றால் கோரில் வெந்நீர் ஓடுகிறது, பழுது காற்றுக் கதவில். ஒன்று சுட்டு மற்றது வெதுவெதுப்பாக இருந்தால் கோரில் அடைப்பு. இரண்டுமே ஆறியிருந்தால் வெந்நீர் அங்கே வரவேயில்லை. வழியில் உள்ள ஹீட்டர் வால்வு மூடியபடி சிக்கியிருக்கலாம், அல்லது மேலே சொன்ன காற்று. பழைய ஹோண்டாக்களில் இந்த வால்வைக் கேபிள் இழுக்கும். கேபிள் கழன்றிருந்தால் கையாலேயே திருப்பிச் சோதிக்கலாம். பல ஜிஎம் வண்டிகளில் வால்வே கிடையாது, வெந்நீர் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும்.

இந்த இடத்தில் நின்று அந்தக் குழாய்களைக் கண்ணாலும் பார்க்க வேண்டும். சுவருக்குள் போக வேண்டிய இரண்டு குழாய்க்குப் பதில், எஞ்சினிலிருந்து வந்த குழாய் வளைந்து எஞ்சினுக்கே திரும்பியிருந்தால் முந்தைய உரிமையாளர் ஹீட்டர் கோரைச் சுற்றில் இருந்தே விலக்கியிருக்கிறார். கோர் கசிந்தபோது மாற்றச் செலவாகும் என்று இரண்டு டாலர் இணைப்பில் முடித்த வேலை அது. வேனிற்காலத்தில் விற்றுவிட்டால் யாருக்குத் தெரியும்? கார் வாங்கும் எவரும், எந்த மாதமானாலும், இதை முதலில் பார்த்துவிட வேண்டும் என்பேன். எஞ்சின் எண்ணைப் பார்ப்பதைவிட இது அவசியம்.

அடைப்பு எதனால் வருகிறது என்பதில்தான் முந்தைய உரிமையாளரின் கைவரிசை முழுதாகத் தெரியும். கோரின் குழல்கள் மிக ஒடுக்கமானவை. நீரோட்டத்தில் எந்த அழுக்கு வந்தாலும் தங்குமிடம் அதுவே. கசிவை அடைக்க என்று கடைகளில் விற்கும் ஸ்டாப் லீக் திரவத்தை ரேடியேட்டரில் ஊற்றியவர், ரேடியேட்டரின் ஓட்டையோடு ஹீட்டர் கோரையும் சேர்த்து அடைத்துவிட்டிருப்பார். நடுவழியில் நின்றுபோன வண்டியை வீடு சேர்க்க அது உதவலாம். அதற்கு மேல் அதை எந்தக் காருக்கும் நான் பரிந்துரைக்கமாட்டேன். குழாய்த் தண்ணீரை மட்டும் ஊற்றி வருடக்கணக்கில் ஓட்டியிருந்தால் சுண்ணாம்பும் துருவும் படிந்திருக்கும். வெவ்வேறு வகைக் கூலன்டுகளைக் கலந்திருந்தால் கூழாகியிருக்கும். நிறத்தைப் பார்த்துக் கலக்கலாம் என்பது பரவலான தவறு. நிறத்துக்குப் பொது விதி எதுவும் இல்லை. டொயோட்டா சிவப்பும் இளஞ்சிவப்பும் தருகிறது, ஹோண்டா நீலம் தருகிறது, ஜிஎம் 1990களின் நடுவிலிருந்து ஆரஞ்சு தந்தது. அந்த ஆரஞ்சு டெக்ஸ்கூல், அளவு குறைந்து காற்றுப்பட்டால் பழுப்புச் சேறாகிறது என்ற புகார் அமெரிக்க நீதிமன்றங்கள் வரை போய்ச் சமரசத்தில் முடிந்தது. காரின் கையேட்டில் எழுதியிருக்கும் வகை எதுவோ அதைத்தான் ஊற்ற வேண்டும்.

கலவையின் அளவுக்கும் இது பொருந்தும். கெட்டியாக இருந்தால் குளிரைத் தாங்கும் என்று தண்ணீர் கலக்காத கூலன்டை அப்படியே ஊற்றுபவர்கள் இருக்கிறார்கள். பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்த எத்திலீன் கிளைகோல் சுமார் மைனஸ் 37 டிகிரி வரை உறையாது. கலக்காத கிளைகோலோ மைனஸ் 13 அளவிலேயே உறைந்துவிடும். போதாததற்குத் தண்ணீர் அளவுக்கு அதனால் சூட்டைச் சுமக்கவும் முடியாது.

அடைபட்ட கோரை மாற்றுவதற்கு முன் கழுவிப் பார்ப்பது நியாயம். சுவருக்கு அருகே இரண்டு குழாய்களையும் கழற்றி, வெந்நீர் வழக்கமாக வெளியேறும் பக்கத்தில் தோட்டக் குழாயைப் பொருத்தி, மெதுவான அழுத்தத்தில் எதிர்த்திசையில் தண்ணீர் விட்டால் சேறு வந்த வழியே திரும்பும். மாறி மாறி இரண்டு பக்கமும் விட்டு, தெளிந்த நீர் வரும்வரை செய்யலாம். கவனிக்க வேண்டியவை சில உண்டு. பழைய ரப்பர் குழாய் கோரின் வாயோடு ஒட்டிக்கிடக்கும். இழுத்தால் வாய் உடைந்து, கழுவ வந்த வேலை கோர் மாற்றும் வேலையாகிவிடும். குழாயை நீளவாக்கில் கத்தியால் கீறி எடுத்துப் புதுக்குழாய் போடுவதே மேல். வீட்டுக் குழாயின் முழு அழுத்தம் பழைய கோரைக் கிழித்துவிடும். இன்னொன்று, கனடாவில் குளிர்காலத்தில் வெளிக்குழாய்களின் தண்ணீரை நிறுத்தி வைத்திருப்பார்கள். இந்த வேலையை அக்டோபருக்குள் செய்துவிட்டால் நல்லது. கழுவி முடித்ததும் உள்ளே தண்ணீரை விட்டுவைக்காமல் காற்றால் ஊதி எடுத்துக் கூலன்ட் நிரப்ப வேண்டும். வெறும் தண்ணீர் ஓரிரவில் உறைந்து கோரைப் பிளந்துவிடும். வெளியேறிய திரவத்தைச் சாக்கடையில் ஊற்றக் கூடாது. அது இனிக்கும், நாயும் பூனையும் நக்கினால் சிறுநீரகம் கெட்டுச் செத்துப்போகும். நகராட்சியின் அபாயக் கழிவு மையங்களில் வாங்கிக்கொள்வார்கள்.

கழுவுவது எத்தனை நாள் தாங்கும் என்பதில் மெக்கானிக்குகளிடையே ஒருமித்த கருத்து இல்லை. வெறும் துரு என்றால் வருடக்கணக்கில் தாங்கலாம். ஸ்டாப் லீக் கெட்டித்துப்போனதென்றால் பாதிதான் வரும், அதே குளிர்காலத்துக்குள் மறுபடி அடைக்கவும் செய்யும். ஏற்கெனவே கசியும் கோரைக் கழுவுவதில் பொருளே இல்லை. கசிவின் அடையாளங்கள் அடைப்பின் அடையாளங்களிலிருந்து வேறு: உள்ளே இனிப்பு வாடை, முன்கண்ணாடியின் உட்புறம் துடைத்தாலும் போகாத எண்ணெய்ப் படலம், பயணி பக்கத்துத் தரைவிரிப்பில் ஈரம்.

இரண்டு குழாய்களும் சுட்டும் குளிர்காற்றே வந்தால் மிஞ்சியிருப்பது காற்றுக் கதவு. பழைய கார்களில் குமிழிலிருந்து கேபிள் போய்க் கதவை இழுக்கும். புதியவற்றில் சின்ன மோட்டர் ஒன்று. குமிழைத் திருப்பும்போது டாஷ்போர்டுக்குள் டக் டக் என்று விட்டுவிட்டுச் சத்தம் கேட்டால் அந்த மோட்டரின் பிளாஸ்டிக் பல்சக்கரம் உடைந்திருக்கிறது. மோட்டரை மாற்றுவது பல கார்களில் அரைமணி வேலை, சிலவற்றில் உடம்பை மடித்துப் பாதமிதிகளின் மேல் படுத்துச் செய்யும் தண்டனை. கதவின் தண்டே முறிந்துவிடும் வண்டிகளும் உண்டு. 1990களின் பிற்பாதியில் வந்த ஃபோர்ட் எக்ஸ்புளோரர் அதில் பேர்பெற்றது. ஓட்டுநர் பக்கம் சூடும் பயணி பக்கம் குளிருமாக வந்தால் எல்லோரும் கதவு மோட்டரைத்தான் சந்தேகிப்பார்கள். கூலன்ட் குறைந்தாலோ கோர் பாதி அடைத்தாலோ கூட அப்படி ஆகலாம்: வெந்நீர் நுழையும் முனை சூடாகவும் மறுமுனை ஆறியும் இருப்பதால். மோட்டரை வாங்குவதற்கு முன் குழாய்களைத் தொட்டுப் பார்க்கச் சொல்வது அதற்காகத்தான்.

ஹீட்டர் நன்றாக இருந்தும் கண்ணாடி மங்கலாகவே இருக்கிறது என்று ஒரு புகார் உண்டு. அதற்கு ஏசியைப் பார்க்க வேண்டும். முன்கண்ணாடிக்குக் காற்றைத் திருப்பும்போது பல கார்களில் ஏசி கம்ப்ரஸரும் சேர்ந்து ஓடும். குளிர்ந்த சுருளில் காற்றின் ஈரம் படிந்து வடிந்தபின், உலர்ந்த அந்தக் காற்று ஹீட்டர் கோரில் சூடாகிக் கண்ணாடிக்குப் போகிறது. வாயு தீர்ந்துபோன ஏசியைக் குளிர்நாட்டில் எதற்குச் சரிசெய்வது என்று விட்டவர் ஈரமான இலையுதிர்கால மழையில் அதன் பலனை அனுபவிப்பார். கடுங்குளிரில் கம்ப்ரஸர் தானாக ஓடாமலிருப்பது வேறு, அப்போது வெளிக்காற்றிலேயே ஈரம் குறைவு. உட்காற்றையே சுழற்றும் பொத்தான் அழுத்தியபடி கிடந்தாலும் கண்ணாடி மங்கும். நாலு பேரின் மூச்சு எங்கே போகும்?

சரிசெய்யாமல் சமாளிக்கும் வழிகள் பலவற்றைச் சொல்வார்கள். சிகரெட் லைட்டர் துளையில் செருகும் 12 வோல்ட் ஹீட்டர் அவற்றில் முதலாவது. அந்தத் துளையின் ஃபியூஸ் பெரும்பாலும் 15 ஆம்பியர். பெருக்கினால் 180 வாட். எஞ்சினின் வெந்நீர் தருவது சில ஆயிரம் வாட். கைவிரல் சூடாகும், கண்ணாடிப் பனி அசையாது. ரேடியேட்டருக்கு முன்னால் அட்டை வைத்து மறைப்பது லாரி ஓட்டுநர்களின் பழைய வழக்கம். தெர்மோஸ்டாட் நன்றாக இருக்கும் காரில் அதனால் ஆவது சிறிது, கெட்டிருக்கும் காரில் அது பழுதை மறைக்கும், மறந்து விட்டால் கொதிக்கவும் வைக்கும். நிறுத்திய காரில் எஞ்சினை ஓடவிட்டுச் சூடு காய்வதாக இருந்தால் முதலில் இறங்கிப்போய்ப் புகைக்குழாய் வாயில் பனி மூடியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மூடியிருந்தால் கார்பன் மோனாக்சைடு காருக்குள் ஏறும். அதற்கு வாடையும் இல்லை, நிறமும் இல்லை. வீட்டோடு ஒட்டிய கராஜுக்குள் கதவைத் திறந்துவைத்தாலும் எஞ்சினை ஓடவிடக் கூடாது.

எல்லாச் சோதனையும் முடிந்து கோரை மாற்றியே ஆக வேண்டும் என்று தெரிந்தால், அந்தக் காரில் அதற்கு எத்தனை மணி நேரம் கணக்கு என்று முதலில் கேட்க வேண்டும். கோரின் விலை குறைவு, கூலிதான் பெரிது. சில கார்களில் பாதமிதிக்குப் பக்கத்து மூடியைக் கழற்றினால் கோர் வெளியே வந்துவிடும். பலவற்றில் ஸ்டியரிங், காற்றுப்பை, டாஷ்போர்டு எல்லாம் இறங்கி, ஒரு நாளோ அதற்கு மேலோ பிடிக்கும். வண்டியின் அடிச்சட்டம் துருவில் போய்க்கொண்டிருந்தால் நான் அந்தச் செலவுக்குப் போகமாட்டேன். சட்டமும் எஞ்சினும் நன்றாக இருந்தால், டாஷ்போர்டு இறங்கியிருக்கும் அன்றே கதவு மோட்டர்களையும், பிய்ந்துபோன பஞ்சு ஓரங்களையும், இரண்டு ஹீட்டர் குழாய்களையும் சேர்த்து மாற்றிவிடலாம். உதிரிகளின் விலை மட்டுமே கூடும். ஏசிக் குழாய்களைக் கழற்றாமல் கோரை எடுக்க முடியாத கார் என்றால் உள்ளே இருக்கும் வாயுவை வெளியில் விடுவது சட்டவிரோதம்; ஒன்டாரியோவில் அதைக் கையாள ஓசோன் சிதைவுத் தடுப்புக்கான ஓடிபி (ODP) அட்டை வைத்திருப்பவர் வேண்டும். வேலையைக் கொடுப்பதற்கு முன் அந்தக் கராஜில் அந்த அட்டை யாரிடம் இருக்கிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.